கூரைத்தண்ணீர் விழுகிற இடம்

உடும்பஞ்சோலையிலிருந்து கிழக்கே இறங்குகிற பாதையில், ஏலக்காட்டுக்கு நடுவில் இருக்கிற செபஸ்தியார் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் கோயில் வரவுசெலவைக் கவனிக்கிற கமிட்டிக் கைக்காரன் ஜோஜோ எழுந்து ஒரு காகிதத்தை வாசித்தான். கோயிலுக்கு ஐம்பது வருஷம் ஆகிறது. ஜூபிலிக்கு முன்னால் முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதிக்கப்படும். வாசல் ஓரத்தில் கிடக்கிற ஆட்டுக்கல்லைப் பெயர்த்துவிட்டு ஸ்டீலில் புதுத் தீர்த்தத் தொட்டி வைக்கப்படும். வியாழக்கிழமை வேலை ஆரம்பம். காகிதத்தை மடித்துப் பையில் வைப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து புஷ்பமேரி எழுந்தாள்.

"கல்லத் தொடக்கூடாது," என்றாள்.

ஜோஜோ சிரித்தான். "அத்த, அது ஒடஞ்ச ஆட்டுக்கல்லு. அதுல கொசு முட்ட போட்டுக் கெடக்கு. கமிட்டியில தீருமானம் ஆயாச்சு."

"கமிட்டி எப்பக் கூடுச்சு? என்னயக் கூப்புட்டியா?"

"மாமா வந்திருந்தாரே. கையெழுத்தும் போட்டிருக்காரு."

புஷ்பமேரி ஆண்கள் பக்கம் திரும்பினாள். அவள் புருஷன் சுவக்கீன் முழங்காலில் நின்றபடி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெபம் முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவ்வளவு பக்தி அவனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

இந்தக் கோயிலின் வரலாற்றை ஜூபிலி மலருக்கு என்று ஜோஜோ மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறான். அதில் பாதி பொய். கெட்ட பொய் இல்லை, பெரிய மனுஷத்தனமான பொய். 'பக்தர்களின் தாராள மனத்தால் எழுந்த ஆலயம்' என்று ஆரம்பிக்கிறது. தாராளமாவது ஒன்றாவது. இங்கே இருக்கிற ஒவ்வொரு சாமானும் வேறு எங்கேயோ வேலைக்கு ஆகாது என்று தூக்கிப் போட்டது. பீடம் என்று வெள்ளைத்துணி போர்த்தி வைத்திருப்பது, ஏலக்காய் ஸ்டோரில் பெண்கள் காய் பிரித்த மேசை. கால் ஒடிந்ததும் முதலாளி அதை விறகுக்குக் கொடுத்தார். லயத்து வரிசைவீடுகளில் குடியிருக்கிற தோட்டக் கூலிக்காரர்கள் பலாமரத்தில் ஒரு கால் செய்து ஒட்டவைத்தார்கள். மணி என்பது லாரியின் பிரேக் டிரம். போல்ட்டால் அடித்தால் நன்றாகவே கேட்கும். ஆனால் புதிதாய் வருகிறவர்கள் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் இருக்கிறதா என்று கேட்பார்கள். செபஸ்தியார் சுரூபம் தூத்துக்குடிப் பக்கமிருந்து யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தது. வழியில் மூன்று அம்புகள் விழுந்துவிட்டன. இப்போது அவர் உடம்பில் குத்தியிருப்பது சைக்கிள் போக்ஸ் கம்பி. சிலுவைப்பாதைப் படங்களில் பதினோராவதைக் கறையான் தின்றுவிட்டது. தவக்காலத்தில் அந்த இடம் வந்ததும் சனங்கள் சுவரில் இருக்கிற செம்மண் கறையைப் பார்த்து முழங்கால்படியிடுவார்கள். ஆண்டவரை ஆணி அடிக்கிற ஸ்தலம் அது. யாரும் குறை சொன்னதில்லை.

ஆட்டுக்கல்லைப் பற்றி ஜோஜோ எழுதியிருப்பது 'முன்னோர் காலத்துக் கல் தொட்டி' என்று. அது முழுப்பொய். அது புஷ்பமேரியின் சீதனக்கல். சின்னமனூரிலிருந்து ஜீப்பில் வந்தது. இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சுவக்கீன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, வாசலுக்கு வலதுபக்கம், கூரைத் தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் விழுகிற இடத்தில் பதித்தான். குழவியைக் கொண்டுவரவில்லை. குழிக்குள் தீர்த்தம் ஊற்றினார்கள். சனங்கள் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். ஏன் கொண்டுவந்து வைத்தாய் என்று கேட்டவர்களுக்கு, "நேர்ச்ச" என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டான்.

அந்தக் கல்லுக்கடியில் அவர்களுடைய பிள்ளை இருக்கிறது. இது மூன்று பேருக்குத் தெரியும். புஷ்பமேரி, சுவக்கீன், சுவக்கீனுடைய அக்காள் பிலோமி.

அன்று மத்தியானமே ஐப்பசித் துலாமழை பிடித்துக்கொண்டது. லயத்து வீட்டில் புஷ்பமேரி கப்பைக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் விழுகிற சத்தத்திலேயே அவள் எந்த நிலைமையில் இருக்கிறாள் என்று சுவக்கீனுக்குத் தெரிந்தது. அடுப்பில் மத்திமீன் குழம்பு கொதித்தது. அவன் வாசல்படியில் உட்கார்ந்து காலிலிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து லயத்திலிருந்து பிலோமி தலையில் பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"கையெழுத்துப் போடுதப்ப கை நடுங்கலயோ ஒமக்கு?" என்றாள் புஷ்பமேரி.

"என்னத்தச் சொல்லச் சொல்லுத? எல்லாரும் போட்டாக. நான் மட்டும் மாட்டேன்னா ஏன்னு கேப்பான்."

"கேட்டா சொல்லும்."

"சொல்லிட்டு? கோயில் நெலத்துல யார்ட்டயும் கேக்காமப் பொதச்சிருக்கோம். போலீசுக்காரன் வருவான். பிள்ள எப்படிச் செத்துச்சும்பான். இருபத்திநாலு வருஷம் ஏம்ல ஒளிச்ச, நீதான் கொன்னியாம்பான். நீ பதில் சொல்லுவியா?"

"சொல்லுவேன். எல்லாத்தயும் சொல்லுவேன். வியாகுலம் உபதேசியார் என் பிள்ளய நாய விரட்டுன மாதிரி விரட்டுனாருன்னு சொல்லுவேன்."

"செத்துப்போன மனுசன ஏன் இழுக்க?"

"அவரு செத்தா எனக்கென்ன. எனக்குள்ள அவரு சாகலயே."

பிலோமி சாக்கை உதறி ஓரமாய்ப் போட்டாள். "எல்லாம் என்னால வந்தது," என்றாள். இருபத்திநாலு வருஷமாய் இந்தப் பேச்சு வருகிறபோதெல்லாம் அவள் சொல்லுவது இதுதான்.

"மைனி, ஒங்கள நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா?" என்றாள் புஷ்பமேரி. "நீங்க செஞ்சது சரி. அந்தாளுதான் சரியில்ல."

பிலோமி செய்தது இது. அன்றைக்குக் காய் எடுப்பு. புஷ்பமேரிக்கு ஏழாம் மாசம். ஏழாம் மாசத்தில் காட்டுக்கு ஏன் வந்தாள் என்று கேட்கிறவர்கள் லயத்தில் இருந்து பார்த்ததில்லை. மழை இரண்டு நாள் விட்டிருந்தது. வெயில் முகம் கண்டதும் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தார்கள். ஓடைக்கரையில் டிரம் வைத்து, ஓடைத் தண்ணீரிலேயே மருந்தைக் கலக்குவார்கள். அந்த வாரம் முழுக்க ஓடையில் கைகூட நனைக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தான். பத்து மணிக்குப் புஷ்பமேரிக்கு வலி கண்டது. தூக்கிக்கொண்டு மேலே ஏறுவதற்குள் ஏலச்செடி அடியிலேயே பிள்ளை விழுந்துவிட்டது. பையன். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்குகிற பையன். மூச்சு இருந்தது, அழுகை இல்லை. உதடு நீலம் பூத்துக்கொண்டே வந்தது.

உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் ஜோஜோவின் அப்பா வியாகுலம் உபதேசியார்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். எந்தத் தண்ணீர் ஆனாலும் பரவாயில்லை, சுத்தமாய் இருந்தால் போதும் என்றும் அவர்தான் சொன்னார். பிலோமி சுற்றும் முற்றும் பார்த்தாள். ஓடையில் விஷம். செடியில் விஷம். இலையில் தேங்கி நின்ற சொட்டிலும் அதே நாற்றம். சுத்தமாய் அவளிடம் இருந்தது, காலையில் வீட்டில் கொதிக்கவைத்துப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்த, பால் விடாத கட்டன் சாயா மட்டுந்தான். வெதுவெதுப்பாய் இருந்தது, பிள்ளைக்கு விறைக்காது என்றுகூட நினைத்தாள். தலையில் மூன்று தடவை ஊற்றி, பிதாச் சுதன் பரிசுத்த ஆவியின் பேரால் ஞானஸ்நானம் கொடுத்தாள். அரைமணி நேரம் கழித்துப் பிள்ளை போய்விட்டது.

கல்லறையில் இடம் கேட்கப் போனபோது உபதேசியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்தத் தண்ணி ஊத்துன?" பிலோமிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவள் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. "சாயா தண்ணியில்ல. இது ஞானஸ்நானம் இல்ல. இந்தப் பிள்ளைக்கு மந்திரிச்ச மண்ணுல எடங் கெடையாது," என்று கதவைச் சாத்தினார். பங்குச்சாமி மாசத்துக்கு ஒருதடவைதான் மலை ஏறி வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் வைத்ததுதான் சட்டம்.

காட்டோரத்தில் புதைத்துவிட்டதாக ஊருக்குச் சொன்னார்கள். ஆனால் புஷ்பமேரி விடவில்லை. காய்ச்சலில் கிடந்தபடி சுவக்கீன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கோயில் கூரையில பட்டு விழுகுத தண்ணி என் பிள்ள மேல விழணும். சாயா செல்லாதுன்னா மழ செல்லும்ல. ஆண்டவரே ஊத்தட்டும்." அந்தி மயங்குகிற நேரத்தில் சுவக்கீன் போய்ப் புதைத்தான். நாய் தோண்டிவிடக் கூடாது என்று மறுநாள் காலையில் ஆட்டுக்கல்லைக் கொண்டுபோய் வைத்தான். அதற்குப் பிறகு ஒரு மழைகூட அவள் விட்டதில்லை. கல்லை நிறைத்து, வழிந்து, மண்ணில் இறங்குகிறதா என்று போய் நின்று பார்த்துவிட்டு வருவாள். இன்றைக்கும் கப்பையை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலையில் மண்வெட்டியும் கடப்பாரையுமாய் நாலு பேரோடு ஜோஜோ வந்தபோது புஷ்பமேரி கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிலோமி நின்றாள். சுவக்கீன் பத்தடி தள்ளிப் பலாமரத்தடியில் நின்றான். வேலைக்குப் போகிற பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அத்த, எந்திரிங்க. பணிக்காரங்க காத்துக் கெடக்காங்க."

"கெடக்கட்டும்."

"ஒரு ஆட்டுக்கல்லக் குடுத்துட்டு கோயிலே ஒங்களுதுன்னு நெனைக்கியளா? கல்லு வேணும்னா சொல்லுங்க, ஒங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து போடச் சொல்லுதேன். தோச மாவு ஆட்டுங்க."

கூடைக்காரிகளில் ஒருத்தி சிரித்தாள். புஷ்பமேரி அவளைத் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஒங்கப்பன் வாய் ஒனக்கு அப்படியே வந்திருக்குலே," என்றாள் புஷ்பமேரி.

"அப்பாவ எதுக்கு இழுக்கிய? இந்தக் கோயிலுக்கு முப்பது வருஷம் ஓடா ஒழச்ச மனுசன். ஒங்க வீட்டுக்கு மட்டும் அவரு ஆகாது. ஏன்னு எனக்கும் தெரியும். பிள்ள விசயத்துல சட்டத்தச் சொன்னாரு, அம்புட்டுதான். அதுக்கு இன்னமும் மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறிய. நான் வந்து வணக்கம் சொன்னாக்கூட மூக்கச் சிந்திப் போடுதிய."

"சிந்துவேன்."

"செரி. எந்திரிக்கப் போறியளா, இல்ல, தூக்கவா?"

"தொட்டுப் பாரு."

ஜோஜோ பலாமரத்தைப் பார்த்துக் கத்தினான். "மாமா, நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வேடிக்க பாக்குதிய. ஒங்க வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போங்க."

சுவக்கீன் வந்தான். புஷ்பமேரிக்கு முன்னால் வந்து நின்றான். அவன் கை அவள் தோளை நோக்கி நீண்டது. எழுப்பத்தான் போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள். அவன் கை பாதியிலேயே நின்றது. அப்படியே திரும்பி, கல்லில் முதுகைச் சாய்த்துச் சேற்றில் உட்கார்ந்துகொண்டான்.

"கையெழுத்த அழிச்சிரு," என்றான். "அடியில எம் மகன் இருக்கான்."

கடப்பாரை வைத்திருந்தவன் அதை மெதுவாய்த் தரையில் கிடத்தினான். ஜோஜோ கல்லைப் பார்த்தான், பிறகு தன் வலதுகை விரல்களைப் பார்த்தான். இருபத்திநாலு வருஷமாய் அதில் நனைத்து நெற்றியில் வைத்த விரல்கள். பிறகு செல்போனை எடுத்துப் பங்குச்சாமியைக் கூப்பிட்டான்.

ரிஜின் சாமி சின்ன வயசுக்காரர். சித்திரபுரத்தில் கரண்டாபீஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், அதனால் மலையாளத்தைப் போலவே தமிழும் பேசுவார். ஒரு மணி நேரத்தில் ஜீப்பில் வந்து சேர்ந்தார். புஷ்பமேரி எழுந்திருக்கவில்லை. சாமிக்கு ஸ்தோத்திரமும் சொல்லவில்லை. அவர் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். பிலோமி எல்லாவற்றையும் சொன்னாள். போத்தலை, ஓடையை, உதடு நீலம் பூத்ததை, கதவு சாத்தியதை. சொல்லி முடித்துவிட்டு, "சாமி, நான் ஊத்துனது செல்லுமா செல்லாதா? அத மட்டும் சொல்லிருங்க," என்றாள்.

"அக்கா, சாயா தண்ணியா இல்லையாங்கறதுல படிச்சவங்களே சண்ட போட்டிருக்காங்க. சந்தேகம்னுதான் புத்தகத்துல இருக்கு. செல்லவே செல்லாதுன்னு ஒரேயடியா சொல்ல முடியாது. சந்தேகம்னா அத பிள்ளைக்குச் சாதகமாத்தான் எடுக்கணும். அதுவும் போகட்டும். ஞானஸ்நானமே கெடைக்காத பிள்ளையானாலும், அப்பா அம்மா கொடுக்க நெனச்சிருந்தா, ஆயர் அனுமதியோட கல்லறையில அடக்கம் செய்யலாம். சட்டம் இருக்கு."

"எப்பருந்து இருக்கு?" என்றாள் புஷ்பமேரி.

சாமி தயங்கினார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியிருக்கும்.

"ஒங்க பிள்ள பொறக்கறதுக்கு முன்னாடி, பல வருஷமா."

"அன்னைக்கே இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. உபதேசியார் அன்னைக்கு இருந்த பங்குச்சாமிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும்."

புஷ்பமேரி கல்லைவிட்டு எழுந்தாள். நேரே ஜோஜோவிடம் போனாள். "கேட்டாராலே ஒங்கப்பன்?"

ஜோஜோ கல்லின் பக்கம் பார்வையைத் திருப்பினான்.

"நீ அந்த வீட்டுலதான இருந்த. ஒனக்குத் தெரியும். கேட்டாரா?"

"கேக்கல," என்றான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டான். "கேக்கலத்த. சாமி வந்தப்ப அம்மாகூடச் சொன்னா, கேளுங்கன்னு. அப்பா மாட்டேன்னுட்டாரு. ஒழுங்காச் சொல்லிக்குடுக்கத் தெரியலியான்னு சாமி தன்னத்தான் கேப்பாரு, உபதேசியார் வேலையப் புடுங்கிருவாருன்னு பயந்தாரு. எந்தத் தண்ணியும் பரவால்லன்னு சொன்னது அவருதான. அதுக்கப்புறம் வகுப்புல அந்தப் பாடத்த அவரு எடுக்கவே இல்ல."

பிலோமி தலையிலடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இத்தனை வருஷமும் தன் தலையில் தூக்கி வைத்திருந்தது தன்னுடையது இல்லை என்று தெரிந்த அழுகை அது. புஷ்பமேரி அழவில்லை. சட்டம் என்று நினைத்துத்தான் அவள் இத்தனை காலம் கடவுளோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில் பார்த்தால் அது ஒரு மனுஷன் தன் வேலைக்குப் பயந்தது.

"ஆயர்ட்ட நான் இப்பவே போன்ல பேசறேன்," என்றார் சாமி. "போலீசு, பஞ்சாயத்து எல்லாம் நான் பாத்துக்கறேன். எடுத்து முறையா அடக்கம் பண்ணிரலாம். ஒங்களுக்குச் சம்மதம்னா."

"எடுக்கலாம். ஆனா கடப்பார படக்கூடாது. இந்த ஜோஜோதான் தோண்டணும். கையால."

சாமி பேச வேண்டியவர்களிடமெல்லாம் பேசி முடிப்பதற்குச் சனிக்கிழமை ஆகிவிட்டது. பஞ்சாயத்திலிருந்து ஒருவரும் வந்து நின்றார். கல்லைச் சுவக்கீனும் இன்னொருவனும் அசைத்து நகர்த்தினார்கள். ஜோஜோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்து தோண்டினான். தண்ணீர் இறங்கி இறங்கி மண் கறுத்துப் பஞ்சாய் இருந்தது. ஒரு முழம் போனது. ஒன்றும் இல்லை. இன்னும் அரை முழம் போனது.

"ஒண்ணையும் காங்கல அத்த. இம்புட்டு வருஷத்துல சின்னப்பிள்ள எலும்பு..."

"நோண்டு."

அவன் விரலில் ஏதோ மாட்டியது. காய் எடுக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டுகிற நீல நைலான் சாக்கு. மக்கவில்லை. வாய்ப்பக்கம் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. சுவக்கீன் அதைப் பார்த்ததும், "எம் முடிச்சுதான்," என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே மண்தான் இருந்தது போலத் தெரிந்தது. யாரும் அவிழ்க்கவில்லை. சாமி வெள்ளைத்துணி ஒன்றை விரித்தார். புஷ்பமேரி யாரையும் தொடவிடாமல் அவளே எடுத்துச் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டம் கோயிலுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. வழுக்குகிற பாதை. சுவக்கீன் பிடிக்க வந்தான். வேண்டாம் என்றாள். பிரேக் டிரம்மை யாரோ போல்ட்டால் அடித்தார்கள், பெரியவர்களுக்கு அடிக்கிற மாதிரி விட்டுவிட்டு. லயத்துச் சனங்கள் பாதிப் பேர் பின்னால் வந்தார்கள். வியாழக்கிழமை சிரித்தவளும் வந்தாள்.

"கெழக்கு ஓரத்துல எடம் பாத்து வச்சிருக்கேன்மா," என்றார் சாமி. "நல்ல மேட்டு நெலம். தண்ணி நிக்காது."

புஷ்பமேரி கிழக்கே போகவில்லை. நடுவரிசையில் டைல்ஸ் ஒட்டி, கறுப்புக் கல்லில் சிலுவை வைத்த ஒரு கல்லறைக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதத் தொற," என்றாள்.

ஜோஜோவுக்குப் புரியவில்லை. "அத்த, அது அப்பா குழி."

"தெரியும். பேரு எழுதியிருக்குல்ல."

"வேற எடம் இருக்கும்போது..."

"இருபத்திநாலு வருஷம் நான் பாத்துக்கிட்டேன். மழையிலயும் காய்ச்சல்லயும் போயிப் போயிப் பாத்தேன். இனிமே அவரு பாக்கட்டும்."

ஜோஜோ சாமியைப் பார்த்தான். சாமி புத்தகத்தில் பக்கம் தேடுகிறவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சிட்டீங்களாத்த?" என்றான் ஜோஜோ. கண்ணில் தண்ணீர் நின்றது.

"இல்ல. அப்படின்னு வெளியில போயிச் சொல்லிக்கிட்டுத் திரியாத. சொன்னன்னு காதுல விழுந்துச்சுன்னா ஒன் வாசல்ல வந்து நிப்பேன். மன்னிக்கல. வேல குடுத்திருக்கேன், அம்புட்டுதான்."

ஜோஜோ சட்டையைக் கழற்றிச் சிலுவையில் போட்டான். கடப்பாரையை வாங்கி, கல்லறையின் கால்மாட்டில் உட்கார்ந்து, முதல் டைல்ஸை நெம்பிப் பெயர்த்தான். இரண்டாவதையும் பெயர்த்தான். கையால் மண்ணை அள்ளி வெளியே போட ஆரம்பித்தான்.

"அங்க வேண்டாம்," என்றாள் புஷ்பமேரி. வெள்ளைத்துணியை இறக்காமல் நின்றபடியே முன்னால் வந்து, கல்லறையை அளப்பவள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு வலதுபக்கம், நடுவில், ஒரு இடத்தைக் காலால் தொட்டுக் காட்டினாள்.

"இங்க தோண்டு. அவரு கைக்கு எட்டணும்."